பலகையைப் பிடுங்கினால் எஸ்டேட் காணாமல் போகுமா?

பி.காம். படிக்கிற பையனுக்கு மெயின்பிரேம் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் வகுப்பில் நிறையப் பேர் சாயங்காலம் சேலத்தில் ஒரு கோச்சிங்கில் கோபாலும் ஜேசிஎல்லும் படிக்கிறோம். (கோபால் என்றால் பக்கத்து வீட்டு அண்ணன் இல்லை, கம்ப்யூட்டர் மொழி!) பேங்க், இன்சூரன்ஸ் வேலைகள் இன்னும் அதில்தான் நிறைய ஓடுகின்றன, எங்களைப் போன்றவர்களையும் எடுக்கிறார்கள் என்ற நம்பிக்கைதான்.

கேட்டலாக், அலையஸ் என்று பாடத்தில் வந்ததும் சார், "அதெல்லாம் சிஸ்டம் புரோகிராமர் பாத்துக்குவார், அடுத்த பக்கம் போங்க" என்றார். நானும் போயிருப்பேன். போன மாதம் பெரியம்மா பெண் லீவில் ஏற்காடு வந்தபோது சொன்ன கதைதான் திரும்பிப் பார்க்க வைத்தது.

அக்கா சென்னையில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு பேங்க் ஒன்றின் மெயின்பிரேமைப் பார்த்துக்கொள்ளும் டீமில் இருக்கிறார். டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். வழக்கப்படி அவர் ஐடியை எடுத்தார்கள். கூடவே அந்த ஐடி பெயரில் இருந்த அலையஸையும் எடுத்துவிட்டார்கள். மாதக் கடைசி ராத்திரி ஒரு ஜாப், 'டேட்டாசெட் நாட் ஃபவுண்ட்' என்று படுத்துவிட்டது. அது தேடிய ஃபைல், போனவர் என்றைக்கோ "தற்காலிகமாக" தன் ஐடியில் தொடங்கும் பெயரில் வைத்தது. டேட்டா அழிந்தே போச்சு என்று முடிவு கட்டி, பழைய பேக்கப்பை எடுக்க அனுமதி கேட்டு, ஆளாளுக்கு மெயில் போட்டு, விடிய விடிய அமர்க்களம். காலையில் வந்த ஒரு சீனியர் ஒரே ஒரு கட்டளை கொடுத்தார். ஃபைல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது!

இது எப்படி? எங்கள் ஊர் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் கடிதத்தைப் பிரிக்கிறவருக்கு எங்கள் எஸ்டேட்டும் லைன் வீடும் தெரியாது, தெரியவும் வேண்டாம். 636601 என்பதில் 636-ஐப் பார்த்தால் சேலம் பக்கம் தள்ளிவிடுவார். மலைக்கு மேலே வந்த பிறகுதான் எந்த எஸ்டேட், எந்த வீடு என்ற பேச்சே.

மெயின்பிரேமிலும் அப்படித்தான். ஒரு டேட்டாசெட்டின் பெயர் 44 எழுத்து வரை போகலாம், நடுவில் புள்ளி வைத்து, துண்டுக்கு 8 எழுத்துக்கு மிகாமல். சிஸ்டம் முதல் துண்டை எடுத்துக்கொண்டு மாஸ்டர் கேட்டலாகுக்குப் போகும். அங்கே அந்தப் பெயரில் ஓர் அலையஸ் இருந்தால், அது 'இந்த யூசர் கேட்டலாகில் போய்ப் பார்' என்று கைகாட்டும். ஃபைல் எந்த டிஸ்கில் இருக்கிறது என்பது அந்த யூசர் கேட்டலாகில்தான் எழுதியிருக்கும். அலையஸை எடுத்தால் அந்தக் கைகாட்டி மட்டும்தான் போகிறது. யூசர் கேட்டலாகின் பதிவும் டிஸ்கில் உள்ள டேட்டாவும் அப்படியே இருக்கும். 'டிஃபைன் அலையஸ்' கொடுத்து பழைய யூசர் கேட்டலாகோடு மறுபடி இணைத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்த சீனியர் செய்ததும் இதுதான்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. அலையஸே இல்லாத முதல் துண்டோடு ஒருவர் ஃபைல் உருவாக்குகிறார், அதற்கு அனுமதியும் இருக்கிறது என்றால், பதிவு நேராக மாஸ்டர் கேட்டலாகில் போய் விழும். நம் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! எந்தக் கணக்கு என்று தெரியாததை எல்லாம் அதில் போட்டு வைப்போமே, அதே. மெஷின் எழுந்திருப்பதே மாஸ்டர் கேட்டலாகை நம்பித்தான் என்பதால் அதில் குப்பை சேர விடக்கூடாது. சேர்ந்துவிட்டால் 'ரெப்ரோ மெர்ஜ்கேட்' போட்டு யூசர் கேட்டலாகுக்கு மாற்ற வேண்டும்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ஆள் போன அன்றே ஐடியை மூடுங்கள், அதில் மறுபேச்சே இல்லை. உள்ளே நுழைகிற கதவு அது. ஆனால் அலையஸ் கதவு இல்லை ஐயா, வழிகாட்டிப் பலகை. அதை வைத்துக்கொண்டு யாரும் உள்ளே நுழைய முடியாது. எங்கள் மலைப்பாதையில் 20 ஹேர்பின் வளைவு தாண்டி வந்தால் எஸ்டேட் பலகைகள் நிற்கும். முதலாளி மாறினார் என்று பலகையைப் பிடுங்கிப் போட்டால் காபித் தோட்டம் காணாமல் போகாது, காபி ஏற்ற வந்த லாரிதான் காணாமல் போகும்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் விட்டு வச்சா 10 வருஷத்துல ஆளில்லாத பலகையாத்தான் நிக்கும் தம்பி" என்றார். நியாயம்தான். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் லிஸ்ட்கேட் போட்டு அந்தப் பெயரின் கீழ் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள், எந்த ஜாப் அதைத் தொடுகிறது என்று தேடுங்கள், வேண்டியதை டீம் பெயருக்கு மாற்றுங்கள், அப்புறம் எடுங்கள். தனித்தனி மாஸ்டர் கேட்டலாக் உள்ள சிஸ்டங்கள் என்றால் ஒவ்வொன்றிலும் பார்க்கணும். ஒன்றில் எடுத்து இன்னொன்றில் மறந்தால் ஒரே ஃபைல் இங்கே தெரியும், அங்கே தெரியாது. அதைவிடத் தலைவலி வேறு வேண்டாம்.

டெபிட், கிரெடிட் எழுதுகிற நமக்கு இது புதுசா என்ன? ஒரு லெட்ஜரை மூடும் முன் பாக்கியை வேறு கணக்குக்கு மாற்றாமல் பக்கத்தைக் கிழிப்போமா? அலையஸ் போடும் அனுமதி புரோகிராமருக்கு இருக்காது, சார் சொன்னது வாஸ்தவம். ஆனால் ஃபைலுக்குப் பெயர் வைப்பது புரோகிராமர்தானே! மாதக் கடைசி ஜாப்புக்கு வேண்டிய ஃபைலைத் தன் ஐடியில் வைத்தாரே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. அதையாவது வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லித்தரலாம்.

சாரிடம் கேட்டேன். "இதெல்லாம் இன்டர்வியூல வராதுப்பா" என்றார். அக்கா டீமுக்கு அடுத்த மாதம் ஆள் எடுக்கிறார்களாம். கேள்வி கேட்கப்போவது அக்காதான் :-)