வயலின் ஐந்தொகை

மாதம் பிறந்தால் நம் வீடுகளில் கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது. பாலுக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் சம்பளம் இவ்வளவு என்று எழுதிக் கூட்டி, வரவை மீறிச் செலவு போய்விட்டதா என்று குடும்பத் தலைவி கவலையோடு பார்க்கிறாள். ஆனால் நாம் உண்ணும் அரிசி எந்த வயலில் விளைந்ததோ, அந்த வயலுக்கு வரவு என்ன, செலவு என்ன என்று கேட்பார் யார்? சென்ற தை மாதக் கடைசியில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். அன்று முதல் இந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

சம்பா அறுவடை முடிந்திருந்தது. மூன்று ஏக்கர் நிலம் உள்ள ஒரு பெரியவரின் வயலில், யந்திரம் ஒன்று வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. வெளியூர் லாரி வரப்பருகே காத்திருந்தது. "மாடு இருந்த காலத்தில் வைக்கோல் போர் போட்டோம். இப்போது மாடும் இல்லை, போரும் இல்லை. இதை விற்றால்தான் அறுப்பு மெஷின் வாடகையைக் கட்ட முடிகிறது, ஐயா" என்றார் பெரியவர். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆயினும் அந்த லாரியில் ஏறிப் போனது வெறும் வைக்கோல்தானா?

கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் இரண்டரை டன் நெல் விளைந்தால், நெல்லும் வைக்கோலுமாகச் சேர்ந்து மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து ஏறக்குறைய 37 கிலோ. மணிச்சத்து ஆறேழு கிலோ. சாம்பல்சத்தும் தழைச்சத்தைப் போலவே 37 கிலோவுக்குக் குறையாது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. மணிச்சத்தின் பெரும்பகுதி நெல்மணியில் போய்ச் சேருகிறது. சாம்பல்சத்தோ ஐந்தில் நாலு பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஏக்கருக்கு 30 கிலோ சாம்பல்சத்து லாரி ஏறிவிட்டது என்று அர்த்தம். அதைக் கடைச்சரக்கால் ஈடுசெய்ய ஒரு மூட்டை பொட்டாஷ் போதாது. அந்தப் பொட்டாஷையோ நம் தேசம் கனடா, ருஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் தருவித்துக்கொண்டிருக்கிறது! வீட்டு வாசல் வழியே போவதைக் கடல் கடந்து வாங்குகிற வியாபாரம் இது.

வரவுப் பக்கம் முன்னே இப்படி இருக்கவில்லை. காவேரி வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிற்று. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின் அதில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. கோடையில் ஆட்டுக் கிடை போட்டார்கள். கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுதார்கள். நெல் வயலில் தேங்கிய நீரில் படரும் நீலப் பச்சைப் பாசி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது என்று பி. கே. டே என்ற வங்காள விஞ்ஞானி 1939-ல் ஆராய்ந்து காட்டினார்.

இன்று வரவு என்றால் பெரும்பாலும் யூரியா மூட்டைதான். அதற்குக் காரணம் குடியானவரின் அறியாமை என்று பட்டணத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவது சுலபம். நாம் அதை ஒப்பவில்லை. சத்தின் அளவைக் கொண்டு உரங்களுக்கு மானியம் அளிக்கும் முறையைச் சர்க்கார் 2010-ல் ஏற்படுத்தியபோது, யூரியாவை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டார்கள். அதன் விலை கட்டுக்குள் நின்றது. மற்றவற்றின் விலை ஏறிற்று. இன்று 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பொட்டாஷ் மூட்டையின் விலையோ அதைப்போல் பல மடங்கு. கையில் பணம் குறைவாக உள்ளவன் எதை வாங்குவான்?

"பக்கத்து வயல் கருகருவென்று நிற்கிறபோது நம் வயல் வெளுத்திருந்தால் மனசு கேட்கிறதா?" என்று பெரியவர் கேட்டார். கேட்காதுதான். ஆனால் தெளித்த யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது 100-க்கு 30, 40 பங்கே. மிச்சம் ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது. அளவு மீறினால் கருத்த இலையைத் தேடிப் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும், குலைநோய் பற்றும், கதிர் முற்றும் சமயத்தில் பயிர் சாயும். அது மட்டும் அல்ல. எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலின் எல்லை என்பது ஜெர்மானிய ரஸாயன சாஸ்திரி லீபிக் பரப்பிய கொள்கை. துத்தநாகம் குறைந்து பயிர் குன்றி நிற்கும் வயலில் எத்தனை மூட்டை யூரியா கொட்டியும் பயன் என்ன? ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவினால் தீரும் குறை அது.

பெரியவரிடம் மண் வள அட்டையும் இருந்தது. 2015-ல் தொடங்கிய திட்டம். பன்னிரண்டு விவரங்களை அச்சிட்டுத் தருகிறார்கள். அது ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் பத்திரமாகத் தூங்கிற்று. எடுத்துப் பார்த்தோம். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி மண் எடுப்பது அத்திட்டத்தின் முறை. இவருடைய மூன்று ஏக்கர் அதில் பாதிகூட இல்லை. சோதித்தது இவர் வயல் மண்ணா, பங்காளி வயல் மண்ணா என்பது அவருக்கே நிச்சயமில்லை! அட்டையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தன் மண்ணைத் தானே எடுத்துக் கொடுப்பது உத்தமம். எருக்குழி, வரப்பு, மரநிழல் ஆகிய இடங்களை விட்டு, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம் வெட்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும். யூரியாவுக்கோ இலை வண்ண அட்டை என்ற எளிய சாதனம் உண்டு. வாரம் ஒருமுறை காலை வேளையில் பத்துப் பயிர்களின் இளம் இலையை அதன் பச்சைக் கோடுகளோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, பெரும்பாலான மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால் மட்டுமே மேலுரம்.

வைக்கோல் விஷயம் இவ்வளவு சுலபம் அல்ல. குறுவையை அறுத்ததும் தாளடிக்கு அவசரம். பச்சையாக வைக்கோலை மடக்கி உழுது உடனே நட்டால், அது மக்கும்போது மண்ணின் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். இளம் நாற்று மஞ்சளிக்கும். இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். சம்பாவுக்குப் பிறகு அந்த நெருக்கடி இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மூன்று ஏக்கரையும் விட முடியாது. வாடகைக்கு இரண்டு ஏக்கர் வைக்கோல் காணும். அந்த மேட்டு ஏக்கரை மட்டும் விட்டு வைக்கிறேன். சித்திரையில் தக்கைப்பூண்டு விதைத்துச் சேர்த்து உழுகிறேன். குறுவையில் தெரிந்துவிடும்" என்றார். யந்திரக்காரரைக் கைதட்டி அழைத்து அந்த ஏக்கரை நிறுத்தச் சொன்னார். புரட்டாசியில் மறுபடி வருவதாகச் சொல்லி விடைபெற்றோம்.