குளக்கரையும் நம் பிள்ளைகளும்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு கடந்து கோவைக்குப் போகும் காலை ரயில் கூட்டத்தை டிக்கெட் ஜன்னலுக்குள்ளிருந்து நாம் வெகுகாலமாகப் பார்த்து வருகிறோம். முன்பு தூக்குச் சட்டியோடு மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். இன்று அதே வீட்டுப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு பீளமேட்டுக்கும் சரவணம்பட்டிக்கும் போகிறார்கள். மூணாறு லயத்தில் ஓர் அறையிலும் ஓர் அடுக்களையிலும் வளர்ந்த பிள்ளைகளும் உடுமலை வழியாக அங்கேதான் போய் இறங்குகிறார்கள். ஆகவே கோவையில் நடப்பது நமக்கு அயலூர்ச் சேதி அல்ல.

படித்த இளைஞர்கள் பெங்களூருக்கு ஓடிவிடாமல் இருக்க வேண்டுமானால் ஊர் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்ற பேச்சு, 2010இல் டைடல் பார்க் வந்தபின் அங்கே வலுத்தது. தொண்டர்களுக்கும் குறைவில்லை. 2003இலேயே சிறுதுளி அமைப்பு நொய்யலையும் குளங்களையும் கையில் எடுத்தது. 2017 வறட்சியில் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் பேரூர் பெரியகுளத்தில் இறங்கி வேலை செய்தார்கள். ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டுச் சேற்றில் நிற்கும் பிள்ளைகளை நாம் கேலி பேச மாட்டோம். தொண்டு என்பது வசதியுள்ளவன் பொழுதுபோக்கு என்று நம் தோழர்களே சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மீதி, நம் சோம்பலுக்குச் சாக்கு.

ஆனால் குளத்தைத் தூர்வாருவது வேறு, கரையைச் சோடிப்பது வேறு. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை இடம்பெற்றது. உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதையும் விளக்கும் வந்தன. மாலையில் போய்ப் பார்த்தோம், அழகாகத்தான் இருக்கிறது. குளக்கரைகளில் குடிசை போட்டிருந்தவர்கள் எங்கே? கீரணத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும், அடுக்குமாடியில். கான்கிரீட் கூரை கிடைத்ததை மறுக்கவில்லை. பெண்களுக்கு 2021 முதல் டவுன் பஸ்ஸில் கட்டணமும் இல்லை. ஆனால் விடியுமுன் மார்க்கெட்டில் சுமை தூக்க நிற்க வேண்டியவனுக்கு அந்நேரத்தில் பஸ் ஏது?

ஞாயிறு இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்குகிறவருக்குப் பாராட்டும் படமும் கிடைக்கின்றன. தினமும் பொறுக்குகிறவர்கள், அந்த ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், நாளொன்றுக்கு 721 ரூபாய் கூலி கேட்டு 2022 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. ஊரை அழகாக்கும் கூட்டங்களில் இவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டால் என்ன குறைந்துவிடும்?

இளைஞர் கதையும் அப்படியே. விளக்கு வரிசையைப் பார்த்து எந்தப் பிள்ளையும் ஓர் ஊரில் தங்கிவிடுவதில்லை. சம்பளத்தில் வாடகை போக வீட்டுக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சுகிறதா, இரவு ஷிப்டு முடிந்து பெண் பிள்ளை பயமின்றி அறைக்குத் திரும்ப முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கஞ்சிக்கோட்டை அடுத்த புதுசேரியை மையமாக வைத்து, 1,710 ஏக்கரில், 3,806 கோடி ரூபாயில் தொழில் ஸ்மார்ட் சிட்டி அமைக்க மத்திய மந்திரிசபை 2024 ஆகஸ்டில் அனுமதி தந்தது. 2015இலேயே ஐஐடி வந்துவிட்டது. நாளை நம் பக்கமும் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யத் தொண்டர்கள் வருவார்கள். வரட்டும்; நாமும் மண்வெட்டியோடு போவோம். ஆனால் வரைபடம் போடுமுன், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கட்டும். வேலை ஓய்ந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டியவர்கள் நம் தோட்டத்துச் சனங்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்களோடு 70 உயிர்களைப் பறிகொடுத்தோம். வீட்டுப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவைக்க நாம் தயாரில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு, கோவையில் வேலை பார்க்கும் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களுடைய வாடகைக் கணக்கையும் பஸ் நேரத்தையும் எழுதி வாங்கி, புதுசேரி கிராம சபையில் கொடுக்கும் மனுவோடு சேர்ப்போம். மனு தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும்.