கண்டியை இரு வண்ணக் காய்களால் ஆட முடியாது

ஹைதராபாதின் மாதாப்பூரில், மென்பொருள் நிறுவனங்கள் நெருங்கி நிற்கும் தெருக்களில், வாரயிறுதிகளில் மேசை விளையாட்டுகளுக்காகக் கூடுவோர் பலர். தெலுங்கும் தமிழும் இந்தியும் கலந்து ஒலிக்கும் அந்த மேசைகளுக்கு வரும் போர் விளையாட்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்டவை. நெப்போலியனின் படையெடுப்புகளும் பசிபிக் தீவுகளில் நடந்த சண்டைகளும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. தென்னிந்தியாவோடு நேரடித் தொடர்புடைய ஒரு தீவுப் போரை மேசைக்குக் கொண்டுவர வேண்டுமெனில், 1803ஆம் ஆண்டின் கண்டிப் படையெடுப்பைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆயினும், வழக்கமான போர் விளையாட்டின் இலக்கணத்தைக் கைவிடாத வடிவமைப்பாளர் அதைக் கெடுத்தே தீருவார்.

நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் காணலாம். இலங்கையின் கடற்கரைப் பகுதிகளை டச்சுக்காரரிடமிருந்து பெற்ற பிரித்தானியர், ஆளுநர் ஃபிரடெரிக் நார்த்தின் காலத்தில் மலைநாட்டு அரசின் மீது கண் வைத்தனர். 1803 ஜனவரி இறுதியில் ஜெனரல் மக்டோவல் கொழும்பிலிருந்தும், சில நாள் கழித்துக் கர்னல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டனர். இரு படைகளிலும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 பேர். பிப்ரவரியில் தலைநகரை அடைந்தபோது நகரம் வெறுமையாகக் கிடந்தது. மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் உள்நாட்டுக்குப் பின்வாங்கியிருந்தார். காலியான அரண்மனையில் முத்துசாமியை அரசனாக அமர்த்திவிட்டு மக்டோவல் திரும்பினார். பின்தங்கிய காவற்படையைக் காய்ச்சல் தின்றது. ஜூன் 24 அன்று மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலியின் கரையில் அவருடைய ஐரோப்பிய வீரர்கள் கொல்லப்பட்டனர்.

வழக்கமான போர் விளையாட்டில், எதிரியின் தலைநகரைப் பிடிப்பவருக்கு வெற்றிப் புள்ளி கிடைக்கும். அந்தக் கணக்கின்படி பிப்ரவரியிலேயே பிரித்தானியர் வென்றுவிட்டார்கள். நார்த்தும் மக்டோவலும் செய்த பிழை இதே கணக்குதான் என்பது கவனிக்கத்தக்கது. காட்டரண், மலையரண், நீரரண் எனப் பழைய நூல்கள் வகுத்த மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் கண்டி. மகாவலி அதை வளைத்து ஓடுகிறது. அங்கே நகரைப் பிடிப்பது பொறிக்குள் நுழைவதற்கு ஒப்பாகும். ஆகவே அரண்மனைக் கட்டத்தில் நிற்கும் காய்களுக்குப் புள்ளி கொடுக்காமல், ஒவ்வொரு சுற்றிலும் உணவும் உடல்நலமும் குறையச் செய்வதே வரலாற்றுக்கு நெருக்கமான விதி.

உணவு என்றதும் சுமைகூலிகள் வருகிறார்கள். மலைப்பாதையில் வண்டி செல்லாது. அரிசியும் சாராயமும் குண்டும் மனிதர் தோளிலோ மாட்டின் முதுகிலோதான் ஏற வேண்டும். கூலிகள் ஓடிப்போனால் படை நின்றுவிடும். அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் நிலைத்திருக்க, கூலிகளோ வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சினர். விளையாட்டிலும் அவர்களை ‘வழங்கல் புள்ளிகள்’ என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்கினால் அதே அநீதி மீண்டும் அரங்கேறும். கூலிகளுக்குத் தனிக் காய்கள் வேண்டும். அவர்கள் கலைந்து போகும் வாய்ப்பை எந்தத் தளபதியாலும் முழுதாகக் கட்டுப்படுத்த முடியாதிருக்கவும் வேண்டும்.

கண்டியின் தரப்பு இதற்கு நேர்மாறு. 1804இல் கண்டிவரை சென்று மீண்ட கேப்டன் ஆர்தர் ஜான்ஸ்டன் தம் அனுபவத்தை 1810இல் நூலாக வெளியிட்டார். கண்டிய வீரன் பதினைந்து நாளுக்கான அரிசியையும் சில தேங்காய்களையும் தானே சுமந்து வருவான், கூடாரமாகத் தாளிப்பனை ஓலையே போதும், தவணை முடிந்ததும் வீடு திரும்ப, வேறொருவன் அவ்விடத்துக்கு வருவான் என்று அவர் விவரிக்கிறார். இதைவிடத் தெளிவான விளையாட்டு விதியை எந்த வடிவமைப்பாளரும் கற்பனையில் உருவாக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண்டியின் காய்கள் தாமாகவே பலகையை விட்டு நீங்கிப் புதியவை வர வேண்டும். பிரித்தானியக் காய்களோ ஒருமுறை போனால் போனவைதான்.

ஜான்ஸ்டனின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. பல திசைகளிலிருந்து படைகள் கண்டியை நோக்கிச் செல்லும் திட்டம் கைவிடப்பட்டிருந்தது. தமக்கு வந்த கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்ட அவர், மட்டக்களப்பிலிருந்து தனியே சென்று நகருக்குள் நுழைந்தார். வேறு படை எதுவும் வரவில்லை. சண்டையிட்டபடியே திருகோணமலை சேர்ந்தார். இரு ஆட்டக்காரர்களும் பலகை முழுவதையும் பார்க்க முடிந்தால் இந்நிகழ்ச்சி நடக்கவே முடியாது. 1824இல் பிரஷ்யாவின் இளைய ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் நடுவர் ஒருவர் இருப்பார். ஆட்டக்காரர்கள் எழுத்தில் கட்டளை கொடுப்பர், எதிரியைக் காணும் தொலைவு வரும்வரை அவர் காய் கண்ணில் படாது. கண்டிக்கு உகந்தது அந்தப் பழைய முறையே. மாதாப்பூர் மேசையில் நடுவராக உட்கார ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

மிக முக்கியமானது, யார் எந்தப் பக்கம் என்ற கேள்வி. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர் மரபினர். மதுரையோடு மண உறவு கொண்டவர்கள், தெலுங்கு வேர் உடையவர்கள். மன்னரின் இயற்பெயர் கண்ணுசாமி. அவருக்காகப் போரிட்டவர்கள் சிங்கள விவசாயிகள். அவருக்கு எதிராக நிறுத்தப்பட்ட முத்துசாமியும் அதே நாயக்கர் உறவினரே. டேவி அவரைக் கையளித்ததும் தலை வெட்டப்பட்டது. அரியணையில் மன்னரை ஏற்றிய முதல் அதிகாரம் பிலிமத்தலாவையே பிரித்தானியரோடும் பேரம் பேசினார். மலாய் வீரர்கள் இரு படைகளிலும் இருந்தனர். பிரித்தானியப் படையின் கேப்டன் நூருதீன் மன்னரிடம் பணி ஏற்க மறுத்துக் கொல்லப்பட்டார். இவர்களைச் சிவப்பு, நீலம் என்று இரண்டாகப் பிரிக்க எந்த நேர்மையான வழியும் இல்லை. ஆப்கானியத் தலைவர்களின் மாறும் விசுவாசத்தையே ஆட்டத்தின் மையமாக்கிய கோல் வெர்லியின் ‘பாக்ஸ் பமீர்’ போன்ற ஒன்றிலிருந்தே இங்கும் தொடங்க வேண்டும்.

2009இன் காயம் ஆறாத ஒரு தீவின் போரை விளையாட்டாக்குவது முறையா என்ற ஆட்சேபம் எழும். அது நியாயமான ஆட்சேபமே. அண்மைப் போருக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் 1803ஐத் தொடாமல் விட்டால், கண்டியை இன்றைய இனக்கோட்டில் வைத்துச் சொல்லும் எளிய கதைகளே எஞ்சும். தெலுங்கு வேர் கொண்ட மன்னருக்காகச் சிங்களக் குடியானவன் தன் அரிசிப் பையைச் சுமந்து காவலுக்கு வந்தான் என்பதைத் தன் கையால் காய் நகர்த்தி அறிந்த மாணவருக்கு அந்தக் கதைகள் அவ்வளவு எளிதில் செரிக்காது. பலகையின் முன் அமர்பவர் வெற்றியைவிட இதைத்தான் முதலில் எதிர்கொள்ள வேண்டும்.

கடைசிச் சுற்றை எங்கே நிறுத்துவது என்பது இன்னும் தீராத சிக்கல். கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2இல் முடித்தால், பிரதானிகளின் உடன்பாட்டோடு பெரிய சண்டையின்றி நகரம் கைமாறியதாகப் படம் நிறைவுறும்; மன்னர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். ஆனால் 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் அவர் தலை வெட்டப்பட்டது. பிரித்தானியருக்கு 1815ஆம் ஆண்டுச் சுற்றில் எத்தனை புள்ளி கிடைத்திருந்தாலும், பலகையை மடித்து வைக்க விதிநூல் அப்போது அனுமதிக்கக் கூடாது.