ஐகான் வந்தது, ஆள் வரவில்லை!

வீடு மாறியிருக்கிறீர்களா, நேயர்களே? சாமானை வண்டியில் ஏற்றுவது பெரிய காரியமில்லை. புது வீட்டில் மறுநாள் காலையில் காப்பிப்பொடி டப்பாவைத் தேடுகிறோமே, அதுதான் கஷ்டம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான்.

1997-ல் என் அப்பா கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் முதலியவற்றை டைப் செய்து கொடுக்கும் சிறு கடை வைத்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கடையில் இருந்தது விண்டோஸ் 3.1. அதன் 'புரோகிராம் மானேஜர்' திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம் ஐகான்கள். அப்பா தாமே பெட்டிகளுக்குப் பெயர் சூட்டித் தம் இஷ்டப்படி அடுக்கி வைத்திருந்தார்.

தெரிந்த பையன் ஒருவன் வந்து விண்டோஸ் 95 ஏற்றிக் கொடுத்தான். பழையது கெட்டுவிடக் கூடாதே என்று அதை வேறு டைரக்டரியில் ஏற்றினான். (அந்த நல்லெண்ணம்தான் வினை!) பழைய டைரக்டரியிலேயே ஏற்றியிருந்தால், பெட்டிகள் தாமாகவே 'ஸ்டார்ட்' மெனுவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இப்போதோ, ஸ்டார்ட்டை அமுக்கினால் அப்பாவின் பெட்டி ஒன்றுகூட இல்லை. "எல்லாம் போச்சுடா!" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மறுநாள் காலை ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும்.

உண்மையில் ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு பெட்டியும் 'ஜிஆர்பி' என்று முடியும் ஒரு ஃபைலாகப் பழைய டைரக்டரியில் பத்திரமாக இருந்தது. விண்டோஸ் 95-ல் 'ஜிஆர்பிகான்வ்' என்றொரு குட்டிப் புரோகிராம் உண்டு. பழைய பெட்டியைக் கொடுத்தால், ஸ்டார்ட் மெனுவில் ஒரு ஃபோல்டராக மாற்றித் தந்துவிடும். பையன் அதைச் செய்தான். பெட்டிகள் வந்தன, அப்பா முகத்தில் சிரிப்பும் வந்தது.

சிரிப்பு இரண்டு நிமிஷம் நிற்கவில்லை. ஐகானை அமுக்கினால், 'அந்த ஃபைலைக் காணோம், இந்த ஃபைலைக் காணோம்' என்று முறையீடு! ஐகான் என்பது என்ன? புரோகிராம் இருக்கும் இடத்தை எழுதிய விலாசச் சீட்டு, அவ்வளவுதானே? சீட்டு வந்துவிட்டது. ஆனால் புரோகிராமின் துணை ஃபைல்கள் பழைய 'சிஸ்டம்' டைரக்டரியிலும், செட்டிங்குகள் பழைய 'வின்.ஐஎன்ஐ' ஃபைலிலும் தங்கிவிட்டன.

ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகப் புரோகிராமை மறுபடி ஏற்றினார்கள். பத்திரிகையைத் திறந்தால், மணமகன் பெயர் இருந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் கலந்த கதம்பம்! அந்நாளைய தமிழ் ஃபான்ட்டுகள் இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டவை. அவற்றின் பெயர்ப் பதிவும் பழைய வின்.ஐஎன்ஐயில்தான் இருந்தது, புது விண்டோஸ் அவற்றை அறியவே அறியாது. ஃபான்ட்டையும் ஏற்றிய பிறகுதான் மணமகன் மணமகன் ஆனார். மணி அப்போது இரவு பதினொன்று.

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு, ஃபைல்களையும் செட்டிங்குகளையும் கொண்டு சேர்க்க ஒரு 'விஸார்ட்' வந்தது. அந்த மந்திரவாதியும் புரோகிராம்களைத் தூக்கி வரவில்லை. அவற்றை நாமேதான் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே, பழைய கம்ப்யூட்டரைக் கைவிடுமுன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: என்னென்ன புரோகிராம், அவற்றின் லைசென்ஸ் எண், என்னென்ன ஃபான்ட்.

அப்பா அன்றிரவே அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். அது இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கம் முழுவதும் ஃபான்ட்டுகளின் பெயர்தான்.