இடைத்தரகரா? எசமானரா?

2020 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் திகதி, எயார்பிஎன்பி நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரி பிறையன் செஸ்கி தம் ஊழியருக்கு ஒரு கடிதம் எழுதினார். 7,500 ஊழியருள் ஏறத்தாழ 1,900 பேர் வேலையிழக்கின்றனர் என்பதே அதன் செய்தி. அக்கடிதம் பரவலான கண்டனத்துக்கு உள்ளாகவில்லை. மாறாக, ஆட்குறைப்பை எவ்வாறு மனிதாபிமானத்துடன் செய்யலாம் என்பதற்கு அதுவே முன்மாதிரியென முகாமைத்துவத் துறையினர் பலர் மெச்சினர். அவ்வாண்டின் இறுதியில் அந்நிறுவனம் பங்குச் சந்தையிற் பெற்ற வெற்றியோடு இப்புகழுரை முழுமை பெற்றது. கொள்ளைநோயால் வீழ்ந்து, கருணையாலும் மதிநுட்பத்தாலும் மீண்டெழுந்த நிறுவனம் என்பதே அதைப்பற்றிச் சொல்லப்படும் கதையாகும். இக்கதை முற்றும் பொய்யன்று. ஆனால் அது பாதிக் கதையே. மறுபாதியையும் சேர்த்து நோக்கும்பொழுது அதன் பொருளே மாறிவிடுகின்றது.

2007 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு மாநாட்டுக்கு வந்தோருக்குத் தம் வாடகை வீட்டிற் காற்று மெத்தைகளை விரித்து இடமளித்த இரு இளைஞரின் முயற்சியிலிருந்து இந்நிறுவனம் தோன்றியது. 2020 அளவில் உலகெங்கும் நாற்பது இலட்சம் வரையான வீடளிப்போர் அதன் வலைத்தளத்தில் இடம்பெற்றிருந்தனர். நிறுவனத்துக்குச் சொந்தமாக விடுதிகள் இல்லை. வீடு இன்னொருவருடையது, அதன் அடைமானக் கடனும், வரியும், பழுதும், துப்புரவும் அவருடையவை. வீடளிப்போரிடமிருந்தும் தங்க வருவோரிடமிருந்தும் கட்டணம் அறவிடுவதே நிறுவனத்தின் வருவாய். வீடளிப்போர் அதன் ஊழியருமல்லர், முகவருமல்லர். சுதந்திர வணிகர் என்றும், பங்காளர் என்றும் அழைக்கப்பட்டனர்.

இவ்வேற்பாட்டுக்கு நீதிமன்ற அங்கீகாரமும் கிடைத்தது. 2017 டிசம்பரில் ஊபர் நிறுவனத்தைப் பற்றித் தீர்ப்பளித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஓட்டுநரின் சேவை நிபந்தனைகள்மீது அந்நிறுவனம் தீர்க்கமான செல்வாக்கைச் செலுத்துவதால் அது போக்குவரத்துச் சேவையே என முடிவுசெய்தது. ஆனால் 2019 டிசம்பர் 19 ஆம் திகதி எயார்பிஎன்பி பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. வாடகையைத் தீர்மானிப்போர் வீடளிப்போரே. தங்குமிடச் சேவையின்மீது நிறுவனத்துக்கு அத்தகைய தீர்க்கமான செல்வாக்கு இல்லை. ஆகவே அது தகவற் சேவையே அன்றி வீட்டுத் தரகு நிறுவனமன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். இரு தரப்பாரைச் சந்திக்கச் செய்து ஒதுங்கி நிற்கும் இடையாள் என்ற உருவம் இவ்வாறு சட்டத்தின் முத்திரையையும் பெற்றது.

மூன்று மாதங்கள் கழியுமுன்னரே அவ்வுருவத்தை நிறுவனமே கலைத்துவிட்டது. 2020 மார்ச் 11 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 14 ஆம் திகதி எயார்பிஎன்பி ஓர் அறிவித்தலை வெளியிட்டது. அன்றைய தினமோ அதற்கு முன்னரோ பதிவுசெய்து, மார்ச் 14 முதல் ஏப்ரல் 14 வரையான காலத்தில் தங்கவிருந்தோர் தம் பதிவை நீக்கி முழுப் பணத்தையும் மீளப்பெறலாம் என்றது அது. பின்னர் இக்கால எல்லை மே இறுதிவரை நீடிக்கப்பட்டது. பதிவு நீக்கப்படுமிடத்து எவ்வளவு பணம் திருப்பித் தரப்படும் என்பதை, நிறுவனம் வகுத்த விதிமுறைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்து வீடளிப்போரே முன்கூட்டி அறிவித்திருந்தனர். தங்க வருவோர் அதற்கு உடன்பட்டே பதிவுசெய்திருந்தனர். அவ்வுடன்பாடுகள் அனைத்தும் ஒரே அறிவித்தலாற் செயலிழந்தன. வீடளிப்போரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

அத்தீர்மானம் சரியானதே என வாதிப்போர் உளர். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. பணம் பறிபோகும் என்ற அச்சத்தால் மக்கள் நோயையும் சுமந்துகொண்டு பயணஞ்செய்வது பொதுச் சுகாதாரத்துக்குக் கேடாகும். நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தது என்பதையும் மறைத்தல் தகாது. அசாதாரண சூழ்நிலைகளில் இவ்வாறு செய்யும் உரிமையை அதன் நிபந்தனைகள் முன்னரே அதற்கு அளித்திருந்தன என்பதும் உண்மை. ஆயின், இங்கு எழும் வினா பணத்தைத் திருப்பிக் கொடுத்தது சரியா என்பதன்று. யாருடைய பணம், யாருடைய கட்டளையால் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதே. அந்நிபந்தனைகளை எழுதியது நிறுவனம். அசாதாரண சூழ்நிலை எது என வரையறுத்ததும் நிறுவனம். இழப்பின் பெரும்பகுதியைச் சுமந்தோர் வீடளிப்போர். பல நாடுகளில் நடைமுறையிலிருந்த இலட்சக்கணக்கான உடன்பாடுகளை ஒரே நாளில் மாற்றவல்ல ஒருவரை இடைத்தரகர் என எந்த அகராதி கூறும்? தீர்க்கமான செல்வாக்கு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

எதிர்ப்பு எழுந்தபின், மார்ச் 30 ஆம் திகதி செஸ்கி வீடளிப்போரிடம் மன்னிப்புக் கோரினார். பங்காளரைக் கலந்தாலோசியாது தீர்மானத்தை அறிவித்தமைக்கே அவர் வருந்தினார், தீர்மானத்துக்காக அன்று. இழப்பீடாக 25 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. இத்தொகை பெரிதாகத் தோன்றினும் அது பங்கிடப்பட்ட முறை கவனத்துக்குரியது. வீடளிப்பவர் தம் விதிமுறைப்படி பெறவேண்டியிருந்த தொகையில் 25 சதவீதமே அவருக்குக் கிடைத்தது. அதாவது, 400 டொலருக்கு உரித்துடையவர் 100 டொலர் பெற்றார். வாடகையோ வீட்டுக் கடனோ கட்ட இயலாத சிறந்த வீடளிப்போருக்கென ஒரு கோடி டொலர் நிவாரண நிதியும் அமைக்கப்பட்டது. அதில் 90 இலட்சம் டொலர் நிறுவுநர் மூவரின் கொடை. எஞ்சிய 10 இலட்சம் டொலர் ஊழியரின் நன்கொடை. ஐந்து வாரங்கள் கழித்து நிறுவனம் நீக்கியது அவ்வூழியருள் நான்கில் ஒரு பகுதியினரை என்பதை நோக்குக.

இழப்பை வீடளிப்போர் சுமந்த அதே வேளையில், பணத்தோடு வந்தோர் எவ்வாறு நடத்தப்பட்டனர்? 2020 ஏப்ரலில் நிறுவனம் இரு தவணைகளில் 200 கோடி டொலர் திரட்டியது. முதற் பாதியை வழங்கிய சில்வர் லேக், சிக்ஸ்த் ஸ்ட்ரீட் ஆகிய முதலீட்டு நிறுவனங்கள் உயர்ந்த வட்டியோடு அமையவில்லை. பங்கொன்றை ஏறத்தாழ 28 டொலருக்கு வாங்கும் உரிமையையும் பெற்றன. டிசம்பர் 10 ஆம் திகதி நாஸ்டாக் சந்தையில் அப்பங்கு 68 டொலர் விலையில் வெளியிடப்பட்டது. அன்று மாலை அது 144 டொலரைக் கடந்து நின்றது. எட்டு மாதங்களில் ஐந்து மடங்கு! ஆபத்துக் காலத்தில் துணைநின்றோருக்கு வெகுமதி உரியது என்பர் பொருளியலார். அவ்வாறாயின் தம் வருவாயை இழந்து அவ்வாபத்தைத் தாங்கிய வீடளிப்போருக்கு எது உரியது? 92 இலட்சம் பங்குகளைக் கொண்ட ஒரு நிதியம் அவர்கள் பெயரால் அமைக்கப்பட்டது. ஆயின் அது எவருக்கும் தனிப்பட்ட உடைமையாகவில்லை. அமெரிக்காவிலுள்ள வீடளிப்போர் வெளியீட்டு விலையிற் பங்கு வாங்கவும் வாய்ப்பளிக்கப்பட்டது. கையிற் பணம் இருந்தோருக்கே அவ்வாய்ப்புப் பயன்பட்டிருக்கும்.

இனி, வேலையிழந்தோரை நோக்குவோம். அவர்களுக்குப் பதினான்கு வாரச் சம்பளமும், சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் மேலும் ஒரு வாரச் சம்பளமும் வழங்கப்பட்டன. அமெரிக்காவிலிருந்தோருக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதியும் தொடர்ந்தது. பிற நிறுவனங்கள் பலவற்றினும் இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், ஆட்குறைப்புக்குக் கூறப்பட்ட காரணம் யாது? அவ்வாண்டின் வருவாய் 2019 ஆம் ஆண்டின் வருவாயிற் பாதிக்கும் குறைவாகவே இருக்கும் என்ற எதிர்பார்ப்பாகும். நடந்தது வேறு. நகரங்களில் அடைபட்டிருந்தோர் அயலிலுள்ள கிராமங்களிலும் கடற்கரைகளிலும் வீடுகளை நாடினர். யூலை 8 ஆம் திகதி ஒரே நாளிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இரவுகள் பதிவாகின. யூலை முதல் செப்டெம்பர் வரையான காலாண்டில் நிறுவனம் ஏறத்தாழ 22 கோடி டொலர் இலாபமும் ஈட்டியது. 2019 இல் 480 கோடி டொலராக இருந்த ஆண்டு வருவாய் 2020 இல் 338 கோடி டொலராயிற்று. குறைவு 30 சதவீதமே. கணிப்புத் தவறியமை குற்றமன்று. அத்தகைய காலத்தில் எவரும் தவறியிருப்பர். ஆனால் தவறிய கணிப்பின் விலையைக் கொடுத்தோர் அதனைக் கணித்தோர் அல்லர்.

இவ்விடத்து வீடளிப்போர் அனைவரையும் ஏழைகளெனக் காட்டுதல் நேர்மையாகாது. ஓர் அறையை வாடகைக்கு விட்டு வீட்டுக் கடனைச் செலுத்திய முதியவரும், கடன் வாங்கிப் பத்து வீடுகளைச் சேர்த்து வைத்திருந்த வணிகரும் அப்பெயரின் கீழேயே அடங்குவர். பின்னவரின் செயலால் நகரவாசிகளின் குடியிருப்புகள் சுற்றுலா விடுதிகளாயின. பயணிகள் வராத 2020 ஆம் ஆண்டில், டப்ளின் நகரின் நீண்டகால வாடகைச் சந்தையில் வீடுகள் திடீரெனப் பெருகின. லிஸ்பன் மாநகர சபை அத்தகைய வெற்று வீடுகளைத் தானே வாடகைக்கு எடுத்து, நகர மக்களுக்குக் குறைந்த வாடகைக்கு அளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. அவ்வீடுகள் இல்லாமற் போனவை அல்ல, மக்களிடமிருந்து விலக்கப்பட்டவை என்பதைக் கொள்ளைநோய் காட்டிக்கொடுத்தது. ஆனால் பத்து வீட்டு வணிகரைத் தோற்றுவித்த ஏற்பாட்டுக்கும் நிறுவனம் பொறுப்பேற்கவில்லை. ஒற்றை அறை முதியவரின் இழப்புக்கும் முழுப் பொறுப்பேற்கவில்லை. அவ்வீடுகளைத் துப்புரவாக்கிய கூலித் தொழிலாளரோ அதன் கணக்கேட்டில் எவ்விடத்தும் இடம்பெறவில்லை. எனினும் வீட்டை எவ்வாறு துப்புரவாக்குவது என்ற விரிவான விதிகளை 2020 ஏப்ரலில் அறிவிக்கவும், அவ்வாண்டு இறுதிக்குள் அவற்றைக் கட்டாயமாக்கவும் அது தயங்கவில்லை. கட்டளை இடுவதில் எசமானர்; கூலி கொடுப்பதில் வெறும் இடைத்தரகர்!

பின்னைய ஆண்டுகளிற் சில நகரங்கள் விழித்துக்கொண்டன. 2023 செப்டெம்பரில் நியூயோர்க் நகரம் பதிவற்ற குறுங்கால வாடகையைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பார்சலோனா 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் அனுமதியை முடிவுறுத்தப்போவதாக 2024 இல் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் இவை வீடுகளைப் பற்றியவை. அதிகாரத்தையும் பொறுப்பையும் பற்றியவை அல்ல. ஓர் உடன்பாட்டைத் தன் கட்டளையால் நீக்கவல்லவர் அவ்வுடன்பாட்டின் ஒரு தரப்பாரே என்பதைச் சட்டம் ஏற்கவேண்டும். நீக்கும் உரிமை அவருக்கு இருப்பின், நீக்கத்தால் வரும் இழப்பும் அவருடையதாகவேண்டும். இஃது இரக்கத்தை வேண்டும் விண்ணப்பமன்று, சாதாரண வணிக நீதியே.

வீடளிப்போரை அந்நிறுவனம் விருந்தோம்புவோர் என்ற பொருள்தரும் சொல்லாலேயே அழைக்கின்றது. விருந்தோம்பல் என்பதற்குத் தனி அதிகாரமே வகுத்த திருக்குறளை அறிந்தோருக்கு அச்சொல்லின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. தன் உணவிலிருந்து பகிர்ந்தளிப்பவனே விருந்தோம்புபவன். பிறர் கலத்திலிருந்து எடுத்து விருந்தினருக்கு இட்டுவிட்டு, அக்கொடையின் புகழைத் தனதாக்கிக்கொள்பவனுக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.