பிறகு பார்க்கலாம் என்று சொன்னது போதும்



மார்கழி, தை மாதங்களில் எங்கள் திருகோணமலைக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். நிலாவெளிப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவும் பயம். அப்படி வீட்டுக்குள் அடைந்திருந்த ஒரு நாள் தொலைக்காட்சியில் அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கைக் காட்டினார்கள். கொலராடோ ஆறு பாறையை அரித்து அரித்து ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஆழமாக வெட்டிய பள்ளம் அது. "அம்மா, எங்கட நாட்டில பாலைவனம் இல்லையா? இப்படிச் சிவப்பு மண்மலை இல்லையா?" என்று சின்னவன் கேட்டான். மகளோ பாடசாலை ஒப்படைக்காக வலசைப் பறவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பூநாரை பார்க்க வேண்டும். "இரண்டு பேருக்கும் ஒரே இடம் மன்னார்தான்" என்றார் இவர்.

பொங்கலுக்கு அடுத்த வார இறுதியில் புறப்படுவதாக முடிவாயிற்று. மாமி வழக்கம்போல, "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பார்க்கிறன்" என்றார். பத்து வருடமாக எல்லாப் பயணத்துக்கும் மாமியின் பதில் இதுதான். உண்மையைச் சொன்னால், அது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. கோழிக்குத் தீனி போட, பூட்டுத் திறக்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற நிம்மதி.

இந்த முறை நான் விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. மாமியின் இரண்டு கண்களிலும் வெண்படலம் படர்ந்திருந்தது. கற்றரக்ட் என்று டொக்டர் சொல்லி நாலு வருடமாயிற்று. "மச்சாளின்ர கலியாணம் முடியட்டும்", "பேத்தியின்ர சோதனை முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனார். சோற்றில் கிடந்த கல்லைக்கூடப் பார்க்க முடியாமல் போன பிறகுதான் சம்மதித்தார். அரச வைத்தியசாலையில் இலவசமாகவே சத்திரசிகிச்சை முடிந்தது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கா நாலு வருடம் இருட்டில் இருந்தார் என்று எனக்கு மனம் ஆறவில்லை. புதுக் கண்ணோடு எங்காவது போகட்டுமே என்று வற்புறுத்தி ஏற்றினேன்.

விடியற்காலையில் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வானில் புறப்பட்டோம். ஹொரவப்பொத்தானை, வவுனியா, மடுச்சந்தி, முருங்கன் வழியாகச் சுமார் 180 கிலோமீற்றர். முருங்கன் தாண்டியதும் வயலும் குளமும் குறைந்து, உடைமரமும் பனையும் வெளிர்மண்ணும் வந்துவிடும். நாட்டிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளில் மன்னாரும் ஒன்று. மன்னார் பாலத்தை நெருங்கும்போது வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர். தீவுக்குள் நுழைந்ததும் வீதியோரக் கழுதைகளையும், பள்ளிமுனையில் யானைக்கால் போலப் பருத்து நிற்கும் பெருக்கமரத்தையும் கண்டு பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

பின்னேரம் தலைமன்னாருக்குப் போனோம். மாமி சிறுமியாக இருந்தபோது தகப்பனோடு இங்கிருந்துதான் கப்பலேறி இராமேஸ்வரம் போனாராம். 1914இல் தொடங்கிய கப்பல் சேவை அது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றுபோனது. "இறங்குதுறை இவ்வளவு நீளமா இருந்தது. நான்தான் எண்ணி எண்ணி நடந்தனான்" என்று அவர் சொல்லச் சொல்லச் சின்னவன் கேட்டுக்கொண்டிருந்தான். கடலுக்குள் தெரிந்த மணல் திட்டுகளைத்தான் அவன் பாலைவனம் என்று ஏற்றுக்கொண்டான். மன்னாரின் தென்கரையில் சுற்றும் காற்றாலைகளையும் எண்ணினான். மின்சார சபை 2020 டிசம்பரில் திறந்த 'தம்பபவனி'யில் 30 காற்றாலைகள் உண்டு. பறவைகள் வரும் பாதையிலே இன்னும் காற்றாலைகளா என்று 2025இல் மன்னார் மக்கள் போராடியதை மகளுக்கு இவர் விளக்கினார். மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

மறுநாள் விடியமுன் வங்காலைக்குப் போனோம். 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். சுமார் 4,800 ஹெக்டேயர் உவர்நீரும் சேறும் முட்செடியும். வடக்கே குளிர் தாங்காமல் மத்திய ஆசியா வழியாக வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல் இந்த மன்னார்க்கரைதான். ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் ஆலாக்களும் கூட்டம் கூட்டமாக நின்றன. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. "அது உப்புப் போல கிடக்கு" என்றேன் நான். மாமி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லைப் பிள்ளை, அது அசையுது. காலிருக்கு" என்றார். பூநாரைகள்தான்! எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டது மாமியின் கண்.

பூநாரை தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றுநீரை வடித்து இரை எடுக்கும். அது தின்னும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமியாலேயே இளஞ்சிவப்பு நிறம் வருகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம். குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனத்தில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் பூநாரைகளே இங்கு வருகின்றன என்று பறவையியலாளர் கருதுகின்றனர். பாலைவனம் கேட்ட மகனுக்குப் பாலைவனத்துப் பறவையே வந்து நின்றது.

அப்போதுதான் ஒரு பிழை நடந்தது. பறக்கும் படம் எடுக்கவேண்டும் என்று சின்னவன் இறங்கி ஓடிப்போய்க் கைதட்டினான். நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. அழகுதான், நாங்களும் வாய்பிளந்து பார்த்தோம். சைக்கிளில் வந்த வயதான கடற்றொழிலாளி ஒருவர் காலூன்றி நின்று, "அதுகளைக் கிளப்பாதை ராசா. தின்ன வந்ததுகள், தின்னட்டும்" என்றார். கோபமே இல்லாத அந்தச் சொல்லில் நான் வெட்கிப்போனேன். திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்தச் சில மாதங்களில்தான் அவை உடம்பில் சேர்க்கின்றன. சும்மா கிளப்பிவிடும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்புக் கரைகிறது. பிறகு வானுக்குள்ளேயே அசையாமல் இருந்தோம். அரை மணித்தியாலத்தில் கூட்டம் திரும்பி வந்தது. இரவல் வாங்கிய தொலைநோக்கியை மாமி யாருக்கும் கொடுக்கவில்லை.

கடைசியாக அரிப்பு. முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் 1801இலிருந்து 1804 வரை கட்டிய மாளிகை இங்கே கடலோர மண்மேட்டில் இடிந்து நிற்கிறது. ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அதன் கீழே சிவந்த மண்கரை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. "கிராண்ட் கன்யன் குட்டி போட்டிருக்கு!" என்றான் மகன். அங்கே ஆறு அரித்தது, இங்கே கடல் அரிக்கிறது. மாளிகையின் ஒரு பகுதி ஏற்கனவே கடலோடு போய்விட்டது. விளிம்புக்குப் போகவேண்டாம் என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டோம். மாமி ஒரு சுவரைத் தடவிப்பார்த்து, "நல்ல காலம், இது இருக்கிறபோதே வந்தன்" என்றார். அந்தச் சொல் என்னைத் தைத்தது. இந்தப் பத்து வருடத்தில் மாமி எத்தனையைப் பார்க்காமல் விட்டிருப்பார்!

சகோதரிகளே, மன்னாருக்குப் போக விரும்புவோர் தை, மாசியில் போங்கள்; பங்குனிக்குப் பிறகு பறவைகள் புறப்பட்டுவிடும். காலை வெயில் ஏறுமுன் பாருங்கள். வாகனத்தைவிட்டு இறங்காமல் பார்ப்பது நல்லது. தண்ணீரும் தொப்பியும் தாராளமாக எடுங்கள்; பொலித்தீன் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். "நான் வீட்டைப் பார்க்கிறன்" என்று சொல்பவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். கண் மங்கியிருந்தால் முதலில் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். பிறகு வாகனத்தில் யன்னலோர இடத்தை அவருக்குக் கொடுங்கள்.

எங்கள் கோழிகளை அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.