சட்டம் படிக்கும் பிசினஸ் பசங்க!



“எம்.பி.ஏ. படிக்கிறவனுக்குச் சட்டம் எதுக்குடா?” எலெக்டிவ் லிஸ்ட்டை ஒட்டின மறுநிமிஷம் எந்த பி-ஸ்கூல் காரிடார்லயும் கேட்கிற டயலாக் இது. மார்க்கெட்டிங் எடுத்தா வேலை, ஃபைனான்ஸ் எடுத்தா சம்பளம், ‘அறிவுசார் சொத்துரிமைச் சட்டம்’ எடுத்தா... தூக்கம்! நான் இன்ஜினீயரிங் கட்சி. ஆனாலும் சொல்றேன், இந்தப் பேப்பரை முதல்ல எடுக்க வேண்டியது பிசினஸ் படிக்கிறவங்கதான்.

1993-ல இந்தியாவுக்குத் திரும்பி வந்த கோகோ கோலா, பார்லே கம்பெனியிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் பிராண்டுகளை வாங்கியது. கலர் சோடா யார் வேணும்னாலும் போடலாம். ஆனா, ‘தம்ஸ் அப்’னு பேர் ஒட்டி விற்க ஒருத்தருக்குத்தான் உரிமை. கொட்டிக் கொடுத்த காசு அந்தப் பேருக்கு!

அடுத்து, நம்ம பசங்களுக்குப் பிடிச்ச பைக் மேட்டர். பஜாஜ் தன்னோட ‘டி.டி.எஸ்-ஐ’ இன்ஜினுக்கு, அதாவது ஒரே சிலிண்டர்ல ரெண்டு ஸ்பார்க் பிளக் வைக்கிற டெக்னாலஜிக்கு, 2005-ல பேட்டன்ட் வாங்கி வெச்சிருந்தது. 2007-ல டி.வி.எஸ். ‘ஃபிளேம்’ பைக்கை அறிவிச்சது. அதுலயும் ரெண்டு பிளக். விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போச்சு. 2008 பிப்ரவரியில் தடை! அந்த வருஷமே ஃபிளேம் ஒரே ஒரு பிளக்கோட கடைக்கு வந்தது. 2009 மே மாசம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், ‘விற்றுக்கோங்க, ஆனா கணக்கைச் சரியா வெச்சுக்கணும், கேஸைச் சீக்கிரம் முடிங்க’ன்னு சொன்னது. ரெண்டு கம்பெனியும் சமாதானம் ஆனது 2019-ல!

இந்தக் கதையை எங்க கிளாஸ்ல சொன்னா, பிளக் எந்த ஆங்கிள்ல இருக்குன்னுதான் கேட்போம். ஒரு மேனேஜர் கேட்க வேண்டிய கேள்வி வேற. விளம்பரம் கொடுத்தாச்சு, டீலர் காத்திருக்கான், இப்போ தடை வந்தா என்ன பண்றது? பைக்கை அறிவிக்கிறதுக்கு முன்னாடியே அடுத்தவன் பேட்டன்ட்டைத் தேடிப் பார்க்கச் சொன்னது யாரு?

சரி, படிச்சா வேலை கிடைக்குமா பாஸ்? இங்கேதான் ஒரு கேட் இருக்கு. பேட்டன்ட் ஏஜென்ட் பரீட்சை எழுத சயின்ஸ், இன்ஜினீயரிங் அல்லது டெக்னாலஜி டிகிரி வேணும். பி.காம்., பி.பி.ஏ. முடிச்சு எம்.பி.ஏ. வந்தவங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. சேர்றதுக்கு முன்னாடியே இதைத் தெரிஞ்சுக்கிறது நல்லது. ஆனா, டிரேட்மார்க் ஏஜென்ட் பரீட்சைக்கு எந்த டிகிரியும் ஓகே. ரெண்டுக்குமே 21 வயசு ஆகியிருக்கணும்.

ஏஜென்ட் ஆகலைன்னாலும் பரவாயில்லை. ஹாஸ்டல் ரூம்ல டி-ஷர்ட் பிராண்டு ஆரம்பிக்கிற கோஷ்டிகளுக்கே இந்தப் பேப்பர் சோறு போடும். நாலு மேட்டர் மட்டும் சொல்றேன்...

* ‘செம ஐடியா மச்சி, பேட்டன்ட் போட்டுடலாம்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி வியாபார முறைக்குப் பேட்டன்ட் கிடையாது. பேட்டன்ட் சட்டம், பிரிவு 3(கே).

* ஃப்ரெண்ட் வரைஞ்சு கொடுத்த லோகோவுக்குக் காப்பிரைட் யாருக்கு? எழுதி வாங்கலைன்னா, பொதுவா வரைஞ்சவனுக்குத்தான். டீ வாங்கிக் கொடுத்தது கணக்கில் வராது!

* டிரேட்மார்க் பதிவுக்குத் தனிநபர் ஆன்லைன்ல கட்ட வேண்டியது, ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய். பத்து வருஷம் செல்லும், புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். ஏற்கெனவே யாராவது அந்தப் பேரை வெச்சிருக்காங்களான்னு தேடிப் பார்க்கக் காசே வேண்டாம்.

* பேருக்குப் பக்கத்துல ‘டி.எம்.’ போட்டுக்க பதிவு தேவையில்லை. வட்டத்துக்குள்ள ‘ஆர்’ போடணும்னா பதிவு ஆகியிருக்கணும். சும்மா ஸ்டைலுக்குப் போட்டா சட்டவிரோதம்.

இதுல நிஜமான சிக்கல் காசு இல்லீங்க. மூணு பேர் சேர்ந்து ஆரம்பிக்கிறாங்க. அவசரத்துல ஒருத்தன் பேர்ல அப்ளை பண்றாங்க. விற்பனை சூடு பிடிக்குது. ஒருத்தன் கேம்பஸ்ல செலெக்ட் ஆகி பெங்களூரு போறான், இன்னொருத்தனுக்கு மனஸ்தாபம். அப்போதான் கேள்வி வருது, ‘பேர் யாரோடது?’ ரிஜிஸ்தர்ல யார் பேர் இருக்கோ, அவன் கைதான் ஓங்கும். ராத்திரி முழுக்கப் பெட்டி பெட்டியா பேக் பண்ணினவன் பேர் அதுல இருக்காது. ஒரே ஒரு பக்கம் ஒப்பந்தம் எழுதியிருந்தா பிராண்டும் பிழைக்கும், நட்பும் பிழைக்கும். அந்த ஒரு பக்கத்தை எழுதச் சொல்லிக் கொடுக்கிற பேப்பரைத்தான் ‘தூக்கம்’னு ஒதுக்குறோம்.

ஸோ, எம்.பி.ஏ. மக்களே! ரெண்டாவது ஸ்பார்க் பிளக்கை எங்க வைக்கணும்னு நாங்க பார்த்துக்கிறோம். வைக்கலாமா கூடாதான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. அப்புறம், உங்க கல்ச்சுரல்ஸுக்கு இந்த வருஷம் வெச்சிருக்கிற பேரை டிரேட்மார்க் தளத்துல ஒரு தடவை தேடிப் பாருங்க. பேனர் அடிக்கிறதுக்கு முன்னாடி!